நெருஞ்சி இல்லாத புல்தரை

தசரா முடிந்து, ஊர்வலம் பார்க்க வந்த கூட்டம் பஸ் ஏறிப் போன பிறகுதான் மைசூரில் என் வேலை ஆரம்பிக்கும். தெருவில் ஏணி வைத்து விளக்குத் தோரணங்களைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். நான் வீட்டுக்கு முன்னால் ஒரு சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன் மேல் முழங்காலை ஊன்றி, புல்லுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டிருப்பேன். போகிறவர்கள் நின்று, என்ன தொலைந்தது என்று கன்னடத்தில் கேட்பார்கள். களை பிடுங்குகிறேன் என்றால் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நடையைக் கட்டுவார்கள்.

லான் வைத்திருப்பவர்கள் பலருக்கு மாசி மாதம் வெயில் ஏறும்போதுதான் அதன் ஞாபகமே வருகிறது. அதற்குள் களை பூத்து, காய்த்து, விதையையும் கொட்டிவிட்டிருக்கும். பங்குனியில் புல் பச்சையாக இருக்க வேண்டுமென்றால் ஐப்பசியிலேயே மண்டியிட வேண்டும். மழை ஓய்ந்து பனி இறங்குவதற்குள் ஒரு மாதம் கிடைக்கும். புல்லின் அடியில் சேர்ந்த காய்ந்த சருகை வாரி எடுக்க வேண்டும். வழுக்கை விழுந்த இடத்தில் புல் நறுக்குகளை ஊன்ற வேண்டும். சலித்த செம்மண்ணும் மணலும் மக்கின எருவும் கலந்து மெலிசாகத் தூவ வேண்டும். ஒட்ட வெட்டக் கூடாது. ஒட்ட வெட்டினால் மண்ணில் வெயில் படும், தூங்குகிற விதையெல்லாம் எழுந்துகொள்ளும். புல் நெருக்கமாக இருந்தால் களை தலைதூக்க இடமே கிடைக்காது. இந்தச் சின்ன விஷயம் என் மண்டையில் ஏற ஐந்து வருஷம் பிடித்தது.

அதில் ஆச்சரியமில்லை. நான் பிறந்து வளர்ந்தது தேவராஜ மொஹல்லாவில், மார்க்கெட்டுக்குப் பின்புறச் சந்தில். அங்கே மண் என்பது பூந்தொட்டிக்குள் இருக்கிற பொருள். பிறகு முப்பத்திரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. கன்வேயரில் வருகிற சாமானைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறல், நெளிவு, ஓட்டை என்று ஒதுக்குவதற்குச் சம்பளம் வாங்கியவன் நான். குறை கண்டுபிடிப்பதுதான் தொழில். ரிட்டயர் ஆன பிறகு அந்தப் பழக்கத்தை வீட்டுக்குள் காட்ட ஆரம்பித்தபோது என் மனைவி இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம் வாசல் பக்கம் கையைக் காட்டி, வெளியில் போய் எதையாவது நோண்டுங்கள் என்றாள்.

அவள் மார்டள்ளி என்கிற தமிழ்க் கிராமத்துக்காரி. விவசாயக் குடும்பம். ராகி, மக்காச்சோளம், ஆட்டுப்பட்டி, கட்டுத்தரை நிறைய மாடு. லான் போடப்போகிறேன் என்று அருகம்புல்லை நர்சரியிலிருந்து மூட்டையாக வாங்கிவந்தபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்பா ஆயுசு முழுக்க அருகம்புல்லோடு மல்லுக்கட்டினவர். வேரோடு பிடுங்கி, வெயிலில் காயப்போட்டு, கொளுத்தினாலும் அடுத்த மழைக்கு வந்து நிற்குமாம். அந்த எழவை நான் போய் ஆட்டோவில் ஏற்றி அழைத்து வந்திருக்கிறேன் என்று ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்னாள்.

ஆனால் அந்த லானை நான் போட்டதே அவளுக்காகத்தான். அவளுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்ததும் டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். எங்கள் தெருவில் நாய்கள் ஜாஸ்தி. அதற்கும் மேல் பைக் ஓட்டுகிற பிள்ளைகள். இரண்டு நாள் நடந்துவிட்டு மூன்றாம் நாள் மாட்டேன் என்றுவிட்டாள். வாசலில் பதினெட்டு அடிக்கு இருபத்தைந்து அடி இடம் சும்மா கிடந்தது. அதைச் சுற்றிச் சுற்றி நடந்தால் அரை மணி ஆகிவிடாதா என்று கணக்குப் போட்டேன். சிரித்தவள்தான் முதல் முதலில் அதில் காலை வைத்தாள். அதற்கப்புறம் ஒரு நாள் தவறியதில்லை. காலை ஆறரை மணிக்கு, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு நடப்பாள். நான் படியில் உட்கார்ந்து காபி குடித்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த அரை மணி நேரம்தான் எங்கள் நாளிலேயே நல்ல நேரம் என்று எனக்குத் தோன்றும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் அவள் நடந்து முடித்து உள்ளே வந்து தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். ஹாலில் மொசைக் தரை முழுக்கச் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்தது. குங்குமம் சிந்திவிட்டது என்றுதான் நினைத்தேன். பொட்டுகள் சமையலறை வரைக்கும் போயின. அவள் வலது காலைத் தூக்கிப் பார்த்தால், பெருவிரலுக்குக் கீழே ஒரு நெருஞ்சி முள் முழுசாக இறங்கியிருந்தது. அவளுக்குத் தெரியவே இல்லை. சட்னி எடுத்துத் தரட்டுமா என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

அந்தக் காயம் ஆற நாலு மாதம் ஆனது. பக்கத்தில் வீடு கட்டாமல் கிடந்த காலி சைட்டிலிருந்து நெருஞ்சிக் கொடி வேலிக்கடியில் நுழைந்து வந்திருந்தது. சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஒரு தடவை தப்பித்தது, அடுத்த தடவை விரலுக்கு நான் பொறுப்பில்லை என்று அவர் கன்னடத்தில் சொன்னபோது அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கே சர்க்கரை நோயாளிகளுக்கென்று செய்கிற மெத்தென்ற செருப்பு இரண்டு ஜோடி வாங்கினோம். ஒன்று வீட்டுக்கு, ஒன்று வெளியே.

சமையலறையில் போடுவாள், குளியலறையில் போடுவாள், மார்க்கெட்டுக்குப் போடுவாள். புல்லுக்கு மட்டும் போட மாட்டாள். ஓரத்தில் கழற்றி வைத்துவிட்டு இறங்குவாள். நான் கத்தினேன், கெஞ்சினேன், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். அவள் பதில் ஒன்றுதான். வெள்ளாமைக்குள் செருப்போடு இறங்குகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. அவள் அப்பா வரப்பில் செருப்பை விட்டுவிட்டுத்தான் ராகிக் காட்டுக்குள் கால் வைப்பாராம். இது வெள்ளாமை இல்லை, வெறும் புல் என்றேன். முளைக்கிறது எல்லாம் வெள்ளாமைதான் என்றாள்.

சரி, அவள் செருப்புப் போட மாட்டாளென்றால் நெருஞ்சி முளைக்கக் கூடாது. அவ்வளவுதான். மார்க்கெட் பக்கம் உரக்கடைக்காரர், களையே முளைக்காமல் தடுக்க ஒரு குருணை மருந்து இருக்கிறது, தூவிவிட்டு நிம்மதியாகப் படுங்கள் என்றார். வெறுங்காலோடு நடக்கிற இடத்தில் மருந்தா என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். கையால்தான் எடுப்பது என்று முடிவு. கோரையைப் பிடித்து இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும், கிழங்கு உள்ளேயே இருந்து சிரிக்கும். ஆணி மாதிரி ஒரு கம்பியை விட்டு நெம்பி, கிழங்கோடு எடுக்க வேண்டும். பார்த்தீனியத்தைப் பூக்க விடக் கூடாது. நெருஞ்சியை இரண்டு இலையிலேயே அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். தொழிற்சாலையில் எந்தச் சாமானையும் இவ்வளவு உன்னிப்பாக நான் பார்த்ததில்லை.

அப்படி இரண்டு வருஷம் வேலை செய்து சைட் ஓரத்தை அடைத்து, சுத்தமாக வைத்திருந்த லானில் நெருஞ்சி மறுபடியும் முளைக்கக் காரணமாக இருந்தவன் நான்தான்.

போன ஐப்பசியில் மேலே தூவ எரு வேண்டும் என்று பேச்சு வந்தது. பாக்கெட் உரம் வாங்கிவிடலாம் என்றேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, சரி, உன் ஊரிலிருந்தே வரட்டும் என்றேன். எட்டு மூட்டை எருவோடு என் மச்சினன், அவள் தம்பி, தெரிந்தவர் டெம்போவில் வந்து இறங்கினான். ஆட்டுப்பட்டியில் கூட்டின எரு. அக்கா வாசலில் புல்லு என்ன போடு போடப்போகிறது பாருங்கள் மாமா என்று சொல்லிக்கொண்டே மூட்டையைப் பிரித்து ஒரு கை அள்ளி என் மூக்குக்கு நேராகக் காட்டினான். அவள் வாசலில் நின்று அந்த மூட்டைகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பிறந்த வீட்டிலிருந்து பட்டுப்புடவை வந்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள்.

அது மக்காத எரு. கையில் எடுத்தபோதே எனக்குத் தெரிந்தது. குழியில் போட்டு, நீர் விட்டு, மாதக்கணக்கில் வெந்த எருவில்தான் களை விதை செத்திருக்கும். காட்டுக்கு இது ஒரு பொருட்டில்லை. அங்கே எப்படியும் இரண்டு தடவை களை வெட்டுவார்கள், முளைத்ததெல்லாம் கொத்தோடு போகும். லானைக் கொத்த முடியுமா. இதை ஒரு வருஷம் மூடிப் போட்டு வைக்கலாம் என்று சொல்ல வேண்டியது என் வேலை. முப்பத்திரண்டு வருஷம் தயவு தாட்சணியம் பார்க்காமல் சாமானை ஒதுக்கித் தள்ளினவன், மச்சினன் முன்னால் வாயைத் திறக்கவில்லை. அவள் சந்தோஷத்தில் கல்லெறிய எனக்கு மனசு வரவில்லை. சல்லடையில் போட்டுச் சலித்து, மண்ணோடு கலந்து, மறுநாளே தூவிவிட்டேன்.

மூன்றாவது வாரம் லானில் வராத பயிர் இல்லை. ராகி வந்தது, சிறுகீரை வந்தது, தும்பை வந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை. ராகியைப் பிடுங்கக் கூடாது, கதிர் வரட்டும், களி கிண்டலாம் என்று வம்பு பண்ணினாள். கீரையை மட்டும் பறித்து ஒரு நாள் கடைந்தும் போட்டாள். நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டே பிடுங்கினேன். அப்போதுதான் படிக்குப் பக்கத்தில், தரையோடு தரையாகப் படர்ந்து, சின்னதாக ஒரு மஞ்சள் பூவைப் பார்த்தேன். நெருஞ்சி. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. ஆட்டுக் காலில் குத்திக்கொண்டு பட்டிக்குள் வந்த முள், அங்கே உதிர்ந்து, எருவோடு எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறது.

அன்று ஒரே மூச்சில் பதினேழு கொடி பிடுங்கினேன். பச்சைக் கொடியைக் கண்ணால் பார்த்துப் பிடுங்கிவிடலாம். எருவிலேயே உதிர்ந்து கிடக்கும் காய்ந்த முள்ளை என்ன செய்வது. அது சல்லடைக் கண்ணில் நுழைந்து, மண் நிறத்தில், புல்லுக்கு அடியில் எங்கேயும் கிடக்கலாம். என்ன தேடுகிறீர்கள் என்று அவள் வந்து நின்றபோது, காலி சைட்டிலிருந்து நெருஞ்சி மறுபடியும் வந்துவிட்டது என்று பொய் சொன்னேன். அவள் தம்பி ஆசையாகக் கொண்டுவந்த எருவில் அவள் விரலுக்கு எமன் இருக்கிறான் என்று எந்த வாயால் சொல்வேன். நாலு நாள் நடக்காதே என்றேன். சரி என்றாள். ஐந்தாம் நாள் ஆறரைக்குச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

கண்ணுக்குத் தெரியாத முள்ளைக் கண்டுபிடிக்க ஒரே வழிதான் இருக்கிறது. குத்தினால் தெரிகிற கால் ஒன்று அதன் மேல் நடக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து ஐந்தரைக்கே எழுந்தேன். அவள் குளிக்கப் போனதும் வெளியே வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக மண்ணில் வெறுங்காலை வைத்தேன். நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே ஷூ போட்டவன், வீட்டில் ஹவாய் செருப்பு. என் பாதத்தைப் பச்சைப்பிள்ளைப் பாதம் என்று அவள் கேலி செய்வாள். அந்தப் பாதம் அன்று உதவியது. வேலி ஓரத்திலிருந்து ஆரம்பித்து, அடிக்கு அடி இடம் விடாமல், போய்த் திரும்பி, போய்த் திரும்பி, லான் முழுவதும் மிதித்தேன். குளிர் எலும்புக்குள் ஏறியது. முதல் வாரம் ஆறு முள் கிடைத்தது. இரண்டாம் வாரம் மூன்று. ஒவ்வொன்றாகப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அவள் வருவதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிடுவேன். கார்த்திகை முழுவதும் இப்படிப் போனது.

மார்கழியில் ஒரு நாள் குதிகாலில் ஒன்று ஏறியது. எடுக்கப் பார்த்தேன், பாதி முறிந்து உள்ளேயே நின்றுவிட்டது. நொண்டிக்கொண்டு படியேறும்போது அவள் கதவைத் திறந்தாள். என் காலைப் பார்த்தாள், லானைப் பார்த்தாள். என்னைப் படியில் உட்கார வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஊக்கை நெருப்பில் காட்டி எடுத்து வந்து, என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டே நெம்பில் முள்ளை வெளியே எடுத்தாள்.

முள்ளை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக நடக்கிறீர்கள் என்று கேட்டாள். ஒரு மாதமிருக்கும் என்றேன். பனியில் என் காலடித் தடத்தை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். எனக்கும் வெறுங்காலில் நடக்கிற ருசி வந்துவிட்டது என்று நினைத்து, கேட்டால் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவேனோ என்று பேசாமல் இருந்திருக்கிறாள். நெருஞ்சி எருவில்தான் வந்தது என்பதும் அவளுக்கு முதல் நாளே தெரியும். பிறந்ததிலிருந்து நெருஞ்சியைப் பார்த்தவளிடம் நான் சைட் கதை விட்டிருக்கிறேன். தம்பியைப் போனில் கூப்பிட்டு அன்றைக்கே ஒரு பிடி பிடித்துவிட்டாளாம்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லாம் தெரிந்தும் வெறுங்காலோடு நடந்திருக்கிறாள். வெள்ளாமை, வழக்கம், அப்பா என்று இனிமேல் ஆரம்பித்தால் லானையே கொத்திப் போட்டுவிட்டு சிமெண்ட் பூசிவிடுவேன் என்று கத்தினேன். அவள் என் காலை மடியிலிருந்து இறக்கவில்லை.

"வழக்கமெல்லாம் ஒரு சாக்குங்க," என்றாள். "தினமும் காலை வெச்சுப் பாக்கறேன். இன்னிக்காச்சும் தெரியுமான்னு."

எனக்கு உடனே புரியவில்லை. என்ன தெரியுமா என்று கேட்டேன்.

"புல்லுங்க. ரெண்டு வருசமாச்சு. அடியில புல்லு இருக்குதா, நீங்க சொல்ற சிமெண்டு இருக்குதா, ஒண்ணுமே தெரியறதில்ல. எப்படி இருக்குன்னு நீங்க கேக்கறப்ப சில்லுன்னு இருக்குதுன்னு சொல்லிருவேன். நீங்க அவ்வளவு பாடுபட்டு வளத்தறீங்க."

இரண்டு வருஷமாக, தினமும் காலையில், நான் படியில் உட்கார்ந்து எப்படி இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன். அவள் சில்லென்று இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். நானும் பெருமையாகக் காபியை உறிஞ்சியிருக்கிறேன். ஊரில் உள்ள சாமானில் எல்லாம் கீறல் கண்டுபிடித்தவனுக்கு இது தெரியவில்லை. அழுகை வந்தது, அழுதேன். அவள் அழவில்லை. குதிகாலில் மஞ்சளை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆறரைக்கு அவள் வந்தாள். லானின் ஓரத்தில் ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு செருப்போடு இறங்கினாள். நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்து, வாங்க என்றாள். கட்டுப் போட்ட காலோடு நானும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிப் பக்கத்தில் நடந்தேன். எப்படி இருக்குதுங்க என்று கேட்டாள்.

ஈரமாக இருக்கிறது என்றேன்.

"அது எனக்குக் கண்ணுலயே தெரியுதுங்க. காலுக்கு எப்படி இருக்குதுன்னு சொல்லுங்க."

சொல்லத் தெரியவில்லை. சாமானைப் பற்றி எழுதிப் பழகினவன் நான். சரி, சரியில்லை, இரண்டு வார்த்தைதான் என்னிடம் இருந்தன. அவள் விடவில்லை. குழாய்ப் பக்கம் எப்படி, மூலையில் நிற்கிற மாமரத்து நிழலில் எப்படி, புது மண் போட்ட இடத்தில் எப்படி என்று துருவித் துருவிக் கேட்டாள். நான் நின்று, காலை அழுத்தி, யோசித்துச் சொல்வேன். நிழலில் வழவழவென்று இருக்கிறது, குழாய்ப் பக்கம் மண் நெகிழ்ந்து விரலுக்கிடையில் ஏறுகிறது, நடுவில் நறநறவென்கிறது. சில நாள் அவள் ஒத்துக்கொள்வாள். சில நாள் அப்படி இருக்காது, சரியாகப் பாருங்கள் என்று திருப்பி அனுப்புவாள். தை முழுவதும் புல் பழுத்துக் கிடந்தது. அதையும் சொன்னேன்.

மாசி கடைசியில் அடியிலிருந்து பச்சை ஏறியது. ஐப்பசியில் ஊன்றின நறுக்குகள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. களை என்று தேடினால் வேலி ஓரத்தில் நாலு கோரை, அவ்வளவுதான். நெருஞ்சி ஒன்றுகூட இல்லை. யுகாதிக்கு இரண்டு நாள் முன்னால், நடந்துகொண்டிருந்தவள் நடுவில் நின்றாள். நான் குனிந்து அவள் காலுக்கு முன்னால் ஒரு முழ இடத்தை இரண்டு கையாலும் தடவிப் பார்த்தேன், திருப்பியும் ஒரு தடவை தடவினேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, வலது காலைச் செருப்பிலிருந்து எடுத்து, அங்கே மெதுவாக வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தலையை ஆட்டினாள், இல்லை என்று. காலைத் திரும்பவும் செருப்புக்குள் விட்டாள். தோளில் இருந்த கையை எடுக்கவில்லை.

"சரி, நீங்க சொல்லுங்க," என்றாள்.

புதுத் துளிர் குறுகுறுவென்று குத்துகிறது, உள்ளங்கால் கூசுகிறது என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.